செவலை வந்து சேர்ந்த கதை

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருவர். வீரா ஏழு வயதுச் சிப்பிப்பாறை நாய். வீட்டு வாசலுக்குத் தானே பட்டா வாங்கியதுபோல நடந்துகொள்பவன். பொம்மி தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், மூன்று வயது. இவர்களுக்கு நடுவே வந்தவன் செவலை. மதுரைச் சுற்றுச்சாலையில் லாரியில் அடிபட்டு, வலது பின்னங்காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். அதுவரை அவனை வைத்துப் பார்த்துக்கொண்ட பெண் விடைபெறும்போது ஒன்றுதான் சொன்னார்: "எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்."

முதல் பதினைந்து நாட்கள் அவனைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்தேன். தடுப்பூசிகள் போட்டிருந்தாலும் வெளியிலிருந்து நோய் எதையும் கொண்டுவந்துவிடக் கூடாதே என்ற பயம். அவன் படுத்த சாக்கை வீராவுக்கும், வீராவின் பழைய போர்வையை அவனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். கதவுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் மோப்பம் பிடித்துக்கொண்டார்கள், உறுமல் இல்லை. இனிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் அவனைக் குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அதுதான் தப்பு. மொசைக் தரையில் இறக்கிவிட்டதும் இருந்த ஒற்றைப் பின்னங்கால் வழுக்கியது. விழாமலிருக்க முன்பக்கமாகத் தாவினான். தாவிய இடத்தில் வீரா நின்றிருந்தான். இரண்டு நொடிகள்தான். செவலையின் கழுத்தில் சிறு கீறல். குறுக்கே கையை நீட்டிய எனக்கு முழங்கையில் பல் பதிந்தது. தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தான் என்றாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டேன். இப்படிக் கடிபடுகிறவர்கள் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்று இரவு அத்தை, "அவனுக்குக் கால் இல்லாதது வீராவுக்கு எப்படியம்மா தெரியும்? மேலே வந்து விழுந்தான், கடித்தான்" என்றார். யோசித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவுதான். நாய் தன் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்னங்கால் ஒன்று போனால் பாரம் இன்னும் முன்னே சாய்கிறது, தலையும் தாழ்கிறது. உடலை முன்னே சாய்த்து, தலையைத் தாழ்த்தி, நேருக்கு நேர் நிற்பது நாய்களுக்குள் சண்டைக்கு இழுப்பதுபோல. செவலை சும்மா நின்றாலே அப்படித்தான் நிற்கிறான். போதாக்குறைக்கு அவன் என் கையிலிருந்து, அதுவும் வீராவின் கூடத்துக்குள், இறங்கியிருக்கிறான்.

மறுபடி தொடங்கியபோது இடத்தை மாற்றினோம். கண்மாய்க் கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. கால் ஊன்ற மண் தரை. என் கணவர் கையில் வீரா, என் கையில் செவலை. இடையில் இருபதடி இடைவெளி, கயிறு தொய்வாக. ஒரே திசையில் மெதுவாக நடத்திச் செல்லுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மூன்று கால் நாய்க்கு மெதுவாக நடப்பதுதான் கடினம்! ஓட்டத்தில் சமநிலை தானாக வந்துவிடுகிறது. நிதானமாக நடக்கச் சொன்னால் ஒவ்வோர் அடியிலும் தள்ளாட்டம். ஆகவே நாங்கள் அரை ஓட்டமாக ஓடினோம். வேட்டை நாய் இனத்தில் பிறந்த வீராவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஐந்து நிமிடம், பிறகு ஓய்வு. அதற்கு மேல் செவலையால் முடியாது.

நான்காம் நாள் இடைவெளி தானாகவே குறைந்தது. வீரா வளைந்து சுற்றிப் பின்பக்கமாக வந்தான். கால் இருந்த இடத்தை வெகுநேரம் மோந்தான். என் கை தானாகக் கயிற்றை இறுக்கப் பார்த்தது. கயிறு இறுகினால் நம் பயம் நாய்க்குப் போய்ச் சேரும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீரா ஒரு தும்மல் போட்டுவிட்டு, பக்கத்துக் கருவேலமரத்தில் காலைத் தூக்கினான். செவலையும் அதே மரத்துக்குப் போனான். (அவனுக்கு மரம் வலப்பக்கம் இருந்தால் தூக்கவேண்டிய வேலையே இல்லை. இடப்பக்கம் இருந்தால் நிலைமை சற்று வேடிக்கையாகிவிடும்.)

வீட்டுக்குள் வருவதற்கு முன் கூடத்திலிருந்து அடுப்படிவரை ரப்பர் விரிப்பு போட்டேன். தேங்காய்நார் மிதியடிகளையும் முயன்று பார்த்தேன். அவையே வழுக்கிக்கொண்டு போயின. நகத்தை ஒட்ட வெட்டினோம். சாப்பாடு மூன்று பேருக்கும் மூன்று மூலையில், இன்றுவரை அப்படித்தான். அத்தை மட்டும் சாப்பிட்டு எழும்போது மிச்ச இட்லியை நடுக்கூடத்தில் போடுவார். அந்த நேரத்தில் மட்டும் வீராவின் பிடரி சிலிர்க்கும். நாயைத் திருத்துவதைவிட அத்தையைத் திருத்துவது கடினமாக இருந்தது.

வீராவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்ததில் பொம்மியை மறந்துவிட்டேன். அவளுக்குப் பகை கிடையாது, விளையாட்டுதான். ஓடிவந்து இடுப்பால் இடிப்பாள், செவலை உருண்டு விழுவான். நான்குமுறை விழுந்தவன், ஐந்தாவது முறை எழாமல் உறுமினான். நான் நடுவே போகவில்லை. சுமார் ஒரு மாதம் கழித்து அவள் தானாகவே படுத்துக்கொண்டு விளையாடத் தொடங்கினாள். இரண்டும் தரையில் கிடந்தபடி வாயால் வாயைக் கவ்வி, ஒரு மணி நேரம் சத்தம் போடும்.

செவலைக்கு வலது காது அரித்தால் தொடைத் தழும்பு இருக்கும் இடம் மட்டும் விடுவிடுவென ஆடும். இல்லாத காலால் சொறிகிறான். முதல்முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது பொம்மி எழுந்து போய் அந்தக் காதை முன்பற்களால் கொறித்துவிடுகிறாள். வீரா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வான். உண்ணியும் அந்தக் காதில்தான் அதிகம் சேர்கிறது. தினமும் விளக்குப் போடும் நேரத்தில் மடியில் போட்டுக்கொண்டு பார்த்துவிடுகிறேன்.