பவர் டேபிளை மூடிய பிறகு யாருக்கு நன்றி சொல்வது?

வேலம்பாளையத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பவர் டேபிள் நடத்தி வந்தேன். ஓவர்லாக் ஆறு, பிளாட்லாக் நான்கு, சிங்கர் நான்கு என 14 தையல் மெஷின்கள் இருந்தன. ஏற்றுமதி கம்பெனிகளிடமிருந்து கட்டிங்கை, அதாவது வெட்டிய துணியை, வாங்கி, குழந்தைகளுக்கான பனியன் உடைகளைத் தைத்து, பீஸ் கணக்கில் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. எனக்கு வேலை கொடுத்துவந்த இரண்டு கம்பெனிகளும் அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்தவை என்பதால், கட்டிங் வரத்து முதலில் பாதியாகி, செப்டம்பர் கடைசியில் அடியோடு நின்றது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஆட்களை உட்காரவைத்து நிலைமையைச் சொல்லிவிட்டேன். வாரச் சம்பளத்தில் பாக்கி வைக்கவில்லை. போனஸில் மட்டும் பாதிதான் கொடுக்க முடிந்தது. ஒன்பது மெஷின்களை விற்றுவிட்டேன், மீதி ஐந்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. இப்போது வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராகப் போய்வருகிறேன். வங்கிக் கடனில் இரண்டு தவணை நிற்கிறது. 2023இல் பிளாட்லாக் வாங்குவதற்காக அடகு வைத்த மனைவியின் எட்டுப் பவுன் நகை இன்னும் வங்கியிலேயே இருக்கிறது. தையல் கூலியில் 3,80,000 ரூபாய் ஒரு கம்பெனியிடம் ஜூலை முதல் நிற்கிறது.

என் கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. பார்க்கிற சொந்தபந்தம் எல்லோரும், இதுவும் நன்மைக்கே, இதிலிருந்து ஒரு வாய்ப்புப் பிறக்கும், இருப்பதற்கு நன்றி சொல் என்கிறார்கள். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மெஷின்களை வண்டியில் ஏற்றிய அன்று, மூன்றாவது ஓவர்லாக்கின் பக்கவாட்டில், என் மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒட்டிய மயில் ஸ்டிக்கர், எண்ணெய்க் கறை ஏறிப் பாதி நிறம் போன நிலையிலும், அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. மெஷினோடு போய்விட்டது. அந்த நேரத்தில் எதற்கு, யாருக்கு நன்றி சொல்வதென்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: உண்மையில் ஏதாவது கிடைத்ததா, அல்லது மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் சொல்தானா? மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதும் புரியவில்லை.

மதுரை ஓய்வூதியர்

தம்பி, நான் பொதுத்துறை வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். நன்றியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் வருவார்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று இடங்களில் இன்னும் கதவு திறந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நின்றுபோன தவணை. நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு மேலாளர் நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு. அதற்கு முன்னால் நேரில் போய், வேலை நின்றதற்கான கடிதம், விற்ற மெஷின்களின் ரசீது, இப்போதைய சம்பளச் சீட்டு மூன்றையும் வைத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்தது இதுதான்: நொடித்துப்போனவர்களில் நேர்மையானவர்கள்தாம் வெட்கப்பட்டுக்கொண்டு வங்கிப் பக்கமே வராமல் இருந்தார்கள். கடைசியில் நோட்டீஸ் ஒட்டப்போகும் நாளில்தான் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். எனக்கு அது கடைசிவரை பழகவேயில்லை.

இரண்டாவது, வரவேண்டிய கூலி. உங்களுக்கு உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இருந்து, அந்தப் பதிவுக்குப் பிறகு செய்த வேலையாகவும் இருந்தால், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. சிறுதொழில் செய்பவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டியாகச் சேரும். உங்களைப்போல் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கும் இதில் அடங்கும். இதற்கென்றே உள்ள வசதியாக்க மன்றம் கோவையிலும் இருக்கிறது. மனுப்போட்டால் இனி வேலை கிடைக்காதே என்ற பயம் இருக்குமென்று தெரியும். முதலில் டெலிவரி சலான்களையும் பில்களையும் தேதிவாரியாக அடுக்கி, இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பல பாக்கிகள் அந்தத் தபாலிலேயே அசைந்து கொடுக்கும்.

மூன்றாவது, நகை. இதில்தான் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2023இல் பவுன் விலை 45,000 ரூபாயை ஒட்டி இருந்தது, உங்கள் கடன் அந்த விலையை வைத்துக் கொடுத்தது. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பவுனுக்கு 30,000 வீதம் வாங்கியிருந்தால் அசல் 2,40,000 ரூபாய். அந்த விலைக்கு, சேதாரம் போக, மூன்று பவுனை விற்றாலே பெரும்பாலும் வட்டியோடு தீர்ந்து, ஐந்து பவுன் வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போவதைவிட இது மேல் என்பது என் கருத்து. ஆனால் அது உங்கள் மனைவியின் நகை. எதை விற்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் முடிவுசெய்துவிட்டுப் போய்க் கேட்கக் கூடாது.

நொய்யல்மகள்

அண்ணா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2011 ஜனவரி 28 அன்று, சாயக்கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்று வழக்கில், திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். என் அப்பா ஒரு சாயப்பட்டறையில் மாஸ்டர். நான் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அந்த உத்தரவு நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயிகள் எத்தனை ஆண்டுகள் அழுதிருப்பார்கள்! ஆனாலும் எங்கள் வீட்டு அடுப்பு அன்றோடு சுணங்கிப்போனது என்பதும் உண்மை. யார்மேலும் கோபப்பட முடியாத கஷ்டம் அது.

அப்பா ஒன்றரை மாதம் எங்களிடம் சொல்லவே இல்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயம் ஏறிய விரல் நகங்கள் மெல்ல மெல்ல வெளுத்துவருவதைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அதுவரை நீலமும் சிவப்புமாகவே பார்த்துப் பழகிய நகங்கள் அவை. வறுமையைவிட, அவர் தனியாகச் சுமந்ததுதான் எனக்கு வலித்தது. ஆகவே உங்கள் மகளிடம் தொகை உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியும். தெரியாமல் வைத்தால், காரணம் தானோ என்று தன் படிப்புச் செலவைத்தான் அவள் முதலில் சந்தேகிப்பாள். நான் அப்படித்தான் செய்தேன்.

நன்றியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கஷ்டத்துக்கு நன்றி சொல்லச் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கஷ்டம் எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் மனிதர்கள். என் அம்மா ஒரு பழைய கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். கடன் கணக்கு முன்பக்கத்தில் இருக்கும்; பின்பக்கத்தில், திரும்பக் கேட்க மாட்டோம் என்று சொல்லி யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு. “மளிகைக்கடை அண்ணன், துவரம்பருப்பு ஒரு கிலோ, எழுதிக்கொள்ளவில்லை.” “கீழ்வீட்டு அக்கா, மூன்று நாள் பால்.” “கணக்கு டீச்சர், பாப்பாவுக்கு மாலையில் பாடம், காசு வாங்கவில்லை.” ரேஷன் அரிசியையும் ஒரு வரியாக எழுதியிருந்தார், விலையில்லாமல் அந்த அரிசி வந்திராவிட்டால் அந்த நோட்டில் கடன் பக்கம்தான் நிறைந்திருக்கும். பின்பக்கக் கணக்கில் மொத்தம் 41 வரிகள். அடுத்த ஆறேழு ஆண்டுகளில், ஒரு கல்யாணத்துக்குப் போய் வேலை செய்தோ, ஆஸ்பத்திரியில் இரவு கூடவே இருந்தோ, அம்மா ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். டீச்சர் வரியை மட்டும் அடிக்க விடமாட்டேன் என்று நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

வாய்ப்பு என்று கேட்டீர்கள். அப்பாவுக்குப் பழைய சம்பளம் பிறகு கிடைக்கவேயில்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் இனிப் பட்டறை ஓட்ட முடியாது என்றானபோது, சுத்திகரிப்பு நிலையத்தில் ஆள் தேவைப்பட்டது. எந்தச் சாயம் எந்தத் தண்ணீரில் எப்படி நிற்கும் என்று அறிந்திருந்த அவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். நானும் வேதியியல் படித்தேன். அந்த நகங்களைப் பார்த்ததால்தான் படித்தேனா என்று கேட்டால், ஆமாம்.

தையல்காரி, திண்டுக்கல் பக்கம்

நான் பீஸ் ரேட்டில் தைக்கிறவள், முதலாளியாக இருந்ததில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு அடகு வைக்க எட்டுப் பவுன் இருக்காது. வேலை நின்றால் அந்த வாரமே வாடகை இடிக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சனிக்கிழமை சம்பளத்துக்குப் போனபோது பூட்டுத்தான் தொங்கியது, எங்கள் இருபது பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு வாரம் முன்னால் சொன்னீர்கள். அந்த இரண்டு வாரத்தில் உங்களிடம் இருந்தவர்கள் வேறு கம்பெனி தேடியிருப்பார்கள், பிள்ளைகளை ஊரில் விடலாமா என்று யோசித்திருப்பார்கள். யாருக்கு நன்றி சொல்வது என்று நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கும் வீடுகள் சில இருக்கும், அண்ணா. பாதி போனஸ் பாக்கியை மட்டும் மறந்துவிடாதீர்கள், எப்போது முடிகிறதோ அப்போது கொடுங்கள்.

வேலம்பாளையத்தான் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

ஐயா சொன்னபடி வங்கிக்குப் போனேன். தவணையைக் குறைப்பதற்கான மனுவை வாங்கிக்கொண்டார்கள், முடிவு இன்னும் வரவில்லை. பதிவுத் தபால் போன ஒன்பதாம் நாள் அந்தக் கம்பெனிக் கணக்காளர் கூப்பிட்டு, 1,20,000 ரூபாய் அனுப்பினார். மீதிக்குத் தேதி சொல்லியிருக்கிறார், அது தவறினால் கோவைக்குப் போவதென்று முடிவுசெய்திருக்கிறேன்.

நகையைப் பற்றி மனைவியிடம் எதையும் முடிவுசெய்யாமல் கேட்டேன். அவள் அரைமணி நேரம் பேசவில்லை. பிறகு, ஆரத்தை விற்றுவிடலாம், அம்மா போட்ட வளையல் மட்டும் வரவேண்டும் என்றாள். மீட்பதற்கான பணத்தை ஒரு நாளைக்கு யாராவது கைமாற்றாகத் தரவேண்டியிருந்தது. என் மச்சான், காலையில் கேட்டேன், மதியம் பையோடு வந்து வங்கி வாசலில் நின்றார். விற்றதில் கடன் தீர்ந்து, 11,000 ரூபாய் கையில் மிஞ்சியது. அதை அப்படியே போனஸ் பாக்கிக்கு ஒதுக்கி, முதலில் செக்கிங்கில் இருந்த இரண்டு அம்மாக்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

மகளிடம் எல்லாத் தொகையையும் தாளில் எழுதிக் காட்டினேன். தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் ஐந்து மெஷின்களை வைத்து, பள்ளிச் சீருடைத் தையல் எடுக்கலாமே என்று கேட்டாள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் கடைக்காரர்கள் ஆள் தேடுவார்களாம், அவள் பள்ளிக்குத் தைத்துக் கொடுப்பவரைத் தனக்குத் தெரியுமாம். பனியன் துணி வேறு, சீருடைத் துணி வேறு. ஆனாலும் சாதாரண நேர்த்தையல் போடும் நான்கு சிங்கரையும் நல்லவேளையாக விற்காமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க இருவரும் போகிறோம்.

நோட்டு ஒன்றும் போட்டாயிற்று. முதல் வரி மச்சான். இரண்டாவது வரியில் இங்கே எழுதிய உங்கள் மூவரையும் சேர்த்து எழுதச் சொன்னாள் மகள். பெயர் தெரியாதே என்றேன். ஊர் தெரியுமல்லவா என்று, மதுரை, நொய்யல்கரை, திண்டுக்கல் என்று அவளே எழுதிக்கொண்டாள்.