படுத்தால் வலித்த தோள்பட்டை

வாடாமல்லி:
கர்ப்பமாகி ஆறு வாரம், இரண்டு நாள். பழுப்பாக லேசாக ரத்தம் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை. பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் இரண்டு நாளில் 1,400-லிருந்து 1,750-க்குத்தான் ஏறியது. மறு ஸ்கேனுக்கு நாள் குறித்து அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் இங்கே பலருக்கும் பழகிய கதைதான். எனக்கு விடாமல் உறுத்துவது வலது தோள்பட்டை. இரவு படுத்தால் நுனியில் குத்தும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். தலையணை சரியில்லை என்று அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். நானும் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் கண் இருட்டி விழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயில் தங்கிய கரு. குழாய் வெடித்து வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை உறுத்தி, அந்த வலி தோளில் தெரிந்திருக்கிறது. ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள்.

சன்னலோரம்:
எனக்கு வலியும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. பத்தாவது வாரம் குமட்டல் நின்றது, அப்பாடா என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இன்னும் என்னவோ செய்கிறது. ஸ்கேன் எடுத்தவர் கலகலவென்று பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தினார். இரண்டு முறை அளந்தார். கரு 9 மில்லிமீட்டர், இதயத் துடிப்பு இல்லை. திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மாபொண்ணு:
வாடாமல்லி, இப்படி எழுதினால் படிக்கிற கர்ப்பிணிகள் பயந்துவிட மாட்டார்களா? எனக்கு ஏழாவது வாரம் சிவப்பாகவே பட்டது, பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒருவருக்கு ரத்தம் படும், அதில் பாதிக்கு மேல் நல்லபடியாகவே போகும். பட்டதும் படுத்துவிடுங்கள். காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். மாடி ஏறாதீர்கள், குனியாதீர்கள், வாளி தூக்காதீர்கள். சிரித்தால்கூட வயிறு குலுங்கும். மனசை நிம்மதியாக வைத்தால் கரு தானாகத் தங்கும். கண்டதைத் தேடிப் படிக்காதீர்கள், முக்கியமாக ராத்திரியில்.

கணக்குடீச்சர்:
சிரிக்கக்கூடாதா? சரிதான். நான் பதினோரு நாள் அசையாமல் படுத்தேன், போனது போனதுதான். படுத்திருந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அது கரு உண்டாகும்போதே நடந்துவிடுவது, வாளியா செய்தது? உங்கள் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் "அன்னைக்கு மாடி ஏறினியே" என்று வீட்டில் கேட்கிறார்கள். சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்: மணிக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே கிளம்ப வேண்டும். தலைசுற்றல், காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் அப்படித்தான். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று அன்றே கேளுங்கள், போடுவதானால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஊசி தேவையா என்பது எத்தனை வாரம் என்பதைப் பொறுத்து டாக்டருக்கு டாக்டர் மாறும்.

என் கதை சின்னதுதான். வெளியே வந்ததைப் பரிசோதனைக்கு ஒரு டப்பாவில் எடுத்துப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் அதை வாங்கிப் பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பேர் சொல்லுங்க" என்றார்.

சும்மா_ஒருவன்:
கணவர்கள் எழுதலாமா தெரியவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் காலை அவள் போனில் வாரக் கணக்குச் செயலி, குழந்தை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று காட்டியது. நீக்கத் தெரியாமல் போனையே அணைத்து அலமாரியில் வைத்தேன். அவள் இரண்டு நாள் அதைக் கேட்கவே இல்லை.

வாடாமல்லி:
அம்மாபொண்ணு, பயமுறுத்த எழுதவில்லை. ரத்தம் பட்டதைவிடத் தோள் வலிதான் என் விஷயம், அதை டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை. கழுத்துப் பிடிப்பை யார் மகப்பேறு டாக்டரிடம் சொல்வார்கள்? அண்ணி இப்போது வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் தைலத்தை எடுப்பதில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.