சத்திரம் ஓடுதளத்தைப் பெரிதாக்கக் கேட்கலாமா?

வண்டிமலை: கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்தில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பிள்ளைகள் பறக்கப் பழக 650 மீட்டர் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. என்ற இரண்டு பேர் விமானம் வந்து இறங்கியது. இடுக்கிக்கு ரயிலும் இல்லை. இதையே நீட்டி விமான நிலையமாக்கச் சொன்னால் என்ன? விமானம் ஏற மதுரைக்கும் கொச்சிக்கும் எத்தனை நாள் ஓடுவது?

கொளுந்துக்கூடை: அண்ணே, 650 மீட்டரில் கொசுதான் இறங்கும். ஏடிஆர் மாதிரி சின்னப் பயணிகள் விமானத்துக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் வேண்டும். எந்தப் பக்கம் நீட்டுவீர்கள்? பக்கத்தில் பெரியாறு புலிகள் காப்பகம். அந்த வருஷம் ஏப்ரலில் எதிரே இருந்த மண்மேட்டால் இறங்க முடியாமல் விமானம் திரும்பியது. ஜூலை மழையில் ஓடுதளத்தின் ஓரமே சரிந்தது.

வண்டிமலை: அதையெல்லாம் தாண்டித்தானே டிசம்பரில் இறங்கியது? பெட்டிமுடியை நினைத்துப் பார் தம்பி. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் அந்த எஸ்டேட் லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள், மேல் மண் சரிந்து 70 உயிர் போனது. பக்கத்தில் விமானம் இறங்க இடம் இருந்திருந்தால்...

லயத்துப்பொண்ணு: பெட்டிமுடியை இதில் இழுக்காதீர்கள் அண்ணே. இரவு மண் சரிந்தது, சேதி வெளியே போனது விடிந்த பிறகு. கரண்டும் இல்லை, போனும் இல்லை. மூணாறிலிருந்து அங்கே போகும் வழியில் பெரியவரையில் பாலம் போயிருந்தது. அந்த மழையிலும் மூடுபனியிலும் எது பறக்கும்? சத்திரத்திலிருந்து மூணாறுக்கு மலைப்பாதையில் நாலு மணி நேரம் வேறு.

என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஜீப் வர ஒரு மணி நேரம். எஸ்டேட் ரோடு அப்படி. அப்புறம் ஜீப்காரர் கேட்கிறார், ஆஸ்பத்திரிக்கு தேனிக்கா, கோட்டயத்துக்கா என்று. அந்த நேரத்தில் ஓடுதளத்தை வைத்து நான் என்ன செய்வது?

கம்பம்மெட்டு: எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் போடி வரை ரயில் வந்துவிட்டது. ஸ்டேஷனில் இறங்கி மலையேற நேரத்துக்கு ஒரு பஸ் விடச் சொல்லுங்கள். செலவும் குறைவு.

வண்டிமலை: பஸ்ஸும் கேட்போம், ரோடும் கேட்போம். இதையும் கேட்டால் குறைந்தா போய்விடும்?

கொளுந்துக்கூடை: குறையும் அண்ணே. விமானம் என்றால் எல்லாரும் போட்டோவுக்கு வருவார்கள். லயத்து ரோட்டுக்கு யார் வருகிறார்கள்?

வண்டிமலை: சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் என்.சி.சி.யில் இருக்கிறாள். ஒரு தடவையாவது அவள் அங்கிருந்து பறக்க வேண்டும் என்று ஆசை.

லயத்துப்பொண்ணு: பறக்கட்டும் அண்ணே. அதற்கு அந்த 650 மீட்டரே போதும்.