வடக்கு டகோட்டா முதியவர்களின் குரல்கள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ரஷ்யப் பேரரசின் கருங்கடல் கரையோரத்திலிருந்து அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானிய விவசாயிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1862ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற நிலச் சட்டப்படி (ஹோம்ஸ்டெட் சட்டம்) ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்கு வேண்டியது அடுப்படிக் கதை.

மரமே அரிதான சமவெளி அது. சாணத்தையும் வைக்கோலையும் பரப்பி, குதிரைகளை விட்டு மிதிக்கவைத்து, இறுகியதும் மண்வெட்டியால் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அடுப்பெரிந்தது அதில்தான். நம் வறட்டிக்குப் பங்காளி! தர்ப்பூசணியை முழுதாகப் பீப்பாயில் போட்டு உப்புநீரில் ஊறவைத்தும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஃபார்கோவிலுள்ள வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் இவர்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. முதியவர்களின் வாய்மொழிப் பதிவுகளும் அதில் உண்டு. அந்தப் பக்கம் வசிப்பவர்கள் யாரேனும் இருந்தால், பதிவுகளை நேரில் கேட்க என்ன நடைமுறை என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? பேச்சுக்கு நடுவே பழைய ஜெர்மன் வட்டார வழக்கு வந்துவிட்டால் என் பாடு திண்டாட்டம். ஆகவே ஜெர்மன் நன்கு தெரிந்த ஒருவரின் துணையும் தேவை. வகுப்பில் படித்த ஜெர்மன் மட்டும் போதுமா என்பது சந்தேகம்தான்.

குறிப்பாகப் பெண்கள் பேசியவை வேண்டும்: பிரசவம், ரொட்டி சுடுதல், பனிப்புயல் நாட்கள். நிலம், விளைச்சல், கோதுமை விலை பற்றி ஆண்கள் சொன்னவை வேண்டிய மட்டும் சேர்ந்துவிட்டன. விவரம் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.