கையமைவு, பலகையமைவு: சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

வழங்கி (server) நிர்வாகக் கையேட்டின் தமிழாக்க வரைவைப் படித்தேன். அமைவுக் கோப்பை நாமே திறந்து திருத்துவதற்குக் 'கைமுறை உள்ளமைவு' என்றும், உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் மாற்றுவதற்குக் 'கட்டுப்பாட்டுப் பலகம் வழியான உள்ளமைவு' என்றும் இருக்கிறது. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பத்தியில் ஐந்தாறு முறை வரும்போது வாசிப்பு தடைபடுகிறது. தவிர, 'உள்ளமைவு' என்றால் ஒன்றின் உள்ளே ஏற்கெனவே அமைந்து கிடப்பது என்றுதான் என் காதில் விழுகிறது. நாம் சொல்ல வருவதோ ஒருவர் உட்கார்ந்து செய்கிற வேலை.

என் முன்மொழிவு: கையமைவு, பலகையமைவு. கைத்தறி, விசைத்தறி என்று இணையாகச் சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சோடி எளிதில் ஒட்டிக்கொள்ளும். வினையாக வேண்டுமென்றால் 'கையால் அமைத்தேன்', 'பலகையில் அமைத்தேன்' போதும்.

சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று தோன்றலாம். பலகை நிறுவிய வழங்கி ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தளத்துக்கு, வருவோரை வேறு முகவரிக்கு அனுப்பும் முகவரித் திருப்பல் தேவைப்பட்டது. தளங்களை வழங்கும் மென்பொருளான அப்பாச்சியின் முதன்மை அமைவுக் கோப்பைத் திறந்து இரண்டு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்தேன், வேலை செய்தது. சில நாள் கழித்து வேறொருவர் பலகையில் புதுத் தளம் ஒன்றைச் சேர்த்தார். என் இரண்டு வரிகளும் காணாமல் போயின. அந்தப் பலகை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தன் வார்ப்புருவிலிருந்து கோப்பை முழுதாகத் திரும்ப எழுதுகிறது. நான் படித்த வழிகாட்டியில் 'உள்ளமைவை மாற்றவும்' என்று மட்டும் இருந்தது. எங்கே மாற்றுவது? கோப்பிலா, பலகையிலா? 'பலகையமைவில் மாற்றவும்' என்றிருந்தால் நான் கோப்பைத் தொட்டே இருக்க மாட்டேன்.

ஆகவே இந்த இரு சொற்களையும் பிரிப்பது திரையும் விசைப்பலகையும் அல்ல, கோப்பை எழுதுவது யார் என்பதுதான். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. 1997இலிருந்து இருக்கும் வெப்மின் என்ற பலகை, கோப்புகளை நேரடியாகத் திருத்துகிறது. நாம் கையால் எழுதிய வரிகளை அழிக்காமல் விட்டுவைக்கிறது. அதைப் பலகையமைவு என்பதா? கோப்பு நம் கையில் இருக்கும்வரை அது கையமைவுக்குத் துணை என்றே நான் கொள்வேன். ஆனால் வெப்மினும் பலகைதான், அதைக் கையமைவில் சேர்த்தால் குழப்பம் வரும் என்று யாராவது சொன்னால் மறுக்க எனக்கு வழியில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"பல பேருக்குத் தளமும் மின்னஞ்சலும் பிரித்துக் கொடுப்பதானால் பலகையமைவு நல்லது. ஒரே தளம், குறைந்த நினைவகம் என்றால் கையமைவே போதும். பலகைக்கென்று 2083, 8443 போன்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை)த் திறந்துவைக்க வேண்டியதில்லை."

"கையமைவில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் என்ஜின்எக்ஸ் (அப்பாச்சி போன்ற இன்னொரு மென்பொருள்) கிளம்பாமல் போகலாம். மறுதொடக்கத்துக்கு முன் சோதனைக் கட்டளையை ஓட்டினால் கோப்பையும் வரி எண்ணையும் காட்டும். சில நேரம் பிழைக்கு அடுத்த வரியைச் சுட்டும். மேல் வரியையும் பாருங்கள்."

எனக்கு எங்கும் இடறவில்லை.

பலகைக்கே முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் 'ஆள்பலகை' எப்படி? 'கட்டுப்பாடு' என்றதும் தடையும் ஒழுங்கும் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பது ஆளுகை. கொள்கலன் போல வினைத்தொகை என்பதால் 'ஆட்பலகை' என்று திரியாது. ஆள் என்பதை மனிதர் என்று படித்துவிடுவார்களோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. 'கட்டுப்பாட்டகம்' எனக்கு உவப்பில்லை. நூலகம், மருந்தகம் போல அது ஓர் இடத்தைக் குறிக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் கையமைவு, பலகையமைவு இரண்டையும் இட்டுப் பார்க்கிறேன். ஆள்பலகையை உங்கள் கருத்து வரும்வரை தொடப்போவதில்லை. வெப்மின் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.