1807 படமும் 1823 காகிதமும்: வாட்டர்மார்க் பார்ப்பது வீண் வேலையா?

தாள்பித்தன்:
நேற்று பக்கத்து இழையில் வேங்கைவரியன் சார் திருவாய் மலர்ந்தது: "படத்தின் அடியில் 1807 என்று இருந்தால் அது 1807 படம்தான். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் தேடுவதெல்லாம் வியாபாரிகள் கிளப்பிவிட்ட பீதி." (வாட்டர்மார்க் என்பது தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் குறி.) புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இதை நம்பிக் காசைக் கரியாக்கக் கூடாது என்றுதான் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சார் வாங்கிய படம், கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் 'ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்' என்ற, வங்காள வேட்டை பற்றிய பெரிய புத்தகத்தில் உள்ளது. எட்வர்ட் ஓர்ம் லண்டனில் 1805 முதல் 1807 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. புலி, பன்றி, எருமை, கரடி என்று 40 அக்வாடின்ட் படங்கள் (செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்சடிப்பவை), கையால் நிறம் தீட்டியவை.

செப்புத் தகட்டில் வெட்டிய ஆண்டு தகட்டோடேயே இருக்கும். எத்தனை வருஷம் கழித்து அடித்தாலும் அதே 1807தான் விழும். காகிதம் அப்படிப் பொய் சொல்லாது. வேங்கைவரியன் சார் பெருமையாகப் போட்ட போட்டோவிலேயே, ஜன்னலோரம் பிடித்த தாளின் வலது ஓரத்தில் தாள் செய்தவர் பெயரும் ஆண்டுமாக 'ஜே வாட்மன் 1823' பளிச்சென்று தெரிகிறது. 1823இல் செய்த தாளில் 1807இல் எப்படி ஐயா அச்சடித்தார்கள்?

வேங்கைவரியன்:
வந்துவிட்டார் காகித போலீஸ். தகடு அதே தகடு, படம் அதே சாமுவேல் ஹோவிட் வரைந்த படம். சுற்றிலும் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இக்கால ஆஃப்செட் அச்சில் விழும் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் ஒரிஜினல் என்றால் ஹோவிட்டே எழுந்து வந்து கையெழுத்துப் போட வேண்டுமா? வங்காளக் காட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைந்த மனிதனின் வேலையை, தாளின் ஓரத்தில் இருக்கும் நாலு எண்ணை வைத்து மட்டம் தட்டுகிறீர்கள்.

தாள்பித்தன்:
ஹோவிட் இந்தியாவுக்கே வந்ததில்லை! அங்கே ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தவர் வில்லியம்சன். அவர் போட்ட மாதிரிகளை வைத்து இங்கிலாந்தில் வரைந்தவர்தான் ஹோவிட். வில்லியம்சனின் மாதிரியிலிருந்து என்று படத்துக்கு அடியிலேயே பொடி எழுத்தில் இருக்குமே. 1807ஐ மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டீர்களோ?

அது போகட்டும். 1823 தாளில் 1807இல் எப்படி அச்சடித்தார்கள்? பதில் வரவில்லை.

லண்டன் குகன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. முதலில் 'ஒரிஜினல்' என்று எதைச் சொல்கிறீர்கள்? முதல் பதிப்பையா, பழைய தகட்டில் அடித்த எல்லாவற்றையுமா? அதை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வேங்கைவரியன்:
குகன், அதெல்லாம் அப்புறம். இவர் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஜேம்ஸ் வாட்மன் தன் காகித ஆலையான டர்க்கி மில்லை 1794லேயே விற்றுவிட்டார். அப்படியிருக்க 1823 தாளில் அவர் பெயர் எப்படி வரும்? எவனோ விஷமத்துக்குச் செய்த தாளாக இருக்கும். அந்த வாட்டர்மார்க்கை வைத்தா என் படத்தை எடை போடுகிறீர்கள்?

தாள்பித்தன்:
அடடா, தன் படம் போலிக் காகிதத்தில் இருக்கிறது என்று தானே வாதாடும் சேகரிப்பாளரை இப்போதுதான் பார்க்கிறேன். மில்லை விற்றாலும் பெயர் போய்விடவில்லை சார். வாங்கியவர்களும் ஜே வாட்மன் பெயரிலேயே தாள் செய்தார்கள். அந்தப் பெயருக்கு அவ்வளவு மவுசு.

ஆண்டு போட்ட வாட்டர்மார்க் பெருகியதும் அதே 1794இல்தான். அந்த வருஷச் சட்டத்தின்படி, ஏற்றுமதிக் காகிதத்துக்கு வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் தாளில் ஆண்டு இருக்க வேண்டும். ஆகவே 1804 தாளில் 1807 படம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. தாள் கிடங்கில் கிடந்திருக்கும். தலைகீழாகத்தான் நடக்காது. காகிதம் பிறப்பதற்குள் அதில் படம் விழாது.

இன்னொன்று. அக்வாடின்ட் தகடு சீக்கிரம் தேயும். பிசின் பொடி தூவி, அமிலத்தில் அரித்து உண்டாக்கும் பொடிப்பொடிக் குழிகள்தான் அந்த மைச்சாயலைத் தருகின்றன. அடிக்க அடிக்க அவை மழுங்கும். ஆரம்பப் பிரதியை லென்ஸில் பாருங்கள், வானம் முழுக்க வறண்ட ஏரிப்படுகை வெடித்த மாதிரி நுண்ணிய வலை தெரியும். சார் படத்தில் யானைக்குப் பின்னால் உள்ள வானம் வெறும் நீல வர்ணம். அடியில் வலையே இல்லை. புலியின் வயிற்று நிழலும் அப்படியே. தகடு ஓய்ந்த பிறகு அடித்து, குறையை வர்ணத்தால் மூடியிருக்கிறார்கள்.

வேங்கைவரியன்:
போட்டோவைப் பார்த்தே வலை இல்லை என்று கண்டுபிடித்த ஞானதிருஷ்டிக்கு வணக்கம். போன வருஷம் எனக்கு ஒரு தஞ்சாவூர் வரைபடத்தைத் தள்ளிவிட்டீர்களே, அதன் பின்பக்கம் செலோடேப் கறை இருந்தது இந்தத் திருஷ்டிக்குத் தெரியவில்லையா?

தாள்பித்தன்:
கறையைச் சொல்லித்தான் கொடுத்தேன். மெசேஜ் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போடுகிறேன். 1823க்கு வாருங்கள்.

நீலா:
எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். முழுசாக இருந்த புத்தகத்தின் தையலை அறுத்து ஒவ்வொரு தாளாக விற்கிறார்களே, அதை வாங்குகிற நீங்கள் இரண்டு பேரும் எந்த ஆண்டு என்று அடித்துக்கொள்வது உங்களுக்கே வேடிக்கையாக இல்லையா? நாற்பது படமும் வில்லியம்சனின் எழுத்தும் சேர்ந்து இருந்தால்தான் அது நூல்.

தாள்பித்தன்:
நீலா அம்மா, நான் அறுக்கவில்லை. அறுத்து வெளியே வந்ததை வாங்குகிறேன். நான் வாங்காவிட்டால் ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் வெயிலில் வெளுத்துப் போகும்.

நீலா:
வாங்க ஆள் இருப்பதால்தானே அறுக்கிறார்கள்? நல்ல நியாயம்.

புலிநேசன்:
புலியைச் சுற்றி வளைத்துக் கொல்லும் காட்சியைக் கூடத்தில் மாட்ட எப்படித்தான் மனசு வருகிறதோ. இங்கிலாந்திலேயே நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை 2004இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

வேங்கைவரியன்:
வேட்டையைத்தான் நிறுத்தினார்கள். படத்தை நிறுத்தவில்லை. அங்கே பப் சுவர்களில் இன்றும் ஹென்றி ஆல்கனின் நரி வேட்டைப் படங்கள்தான் தொங்குகின்றன.

லண்டன் குகன்:
ஆல்கன் என்றதும் ஞாபகம் வந்தது. 1851இல் இறந்த அப்பா ஆல்கனா, அவர் பாணியிலேயே வரைந்து 'எச். ஆல்கன்' என்றே கையெழுத்துப் போட்ட மகனா? என்னிடம் உள்ளது யாருடையது என்றே தெரியவில்லை. என் கேள்விக்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தாள்பித்தன்:
குகன், ஆல்கனுக்குத் தனி இழை போடுங்கள். இங்கே பேச்சு 1823. வேங்கைவரியன் சார், அந்தத் தாளின் நாலு ஓரமும் தெரிகிற மாதிரி, பின்னால் விளக்கு வைத்து ஒரு போட்டோ போடுங்கள். ஒரே போட்டோ.

வேங்கைவரியன்:
ஃபிரேம் போட்டாகிவிட்டது. உங்கள் திருப்திக்காகப் பிரிக்க மாட்டேன். என் படம் 1807. லண்டன் ஏலத்தில் 1807 என்று சொல்லித்தான் விற்றார்கள், ரசீதிலும் அப்படியே போட்டிருக்கிறது.

தாள்பித்தன்:
ரசீதுக்கும் வாட்டர்மார்க் உண்டா என்று பாருங்கள். ஃபிரேம் போட்டவர் சாதா மவுண்ட் அட்டைதானே வைத்தார்? அதில் உள்ள அமிலம் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். அமிலமில்லாத அட்டை கேட்டீர்களா?

வேங்கைவரியன்:
என் ஃபிரேம், என் அட்டை. செலோடேப் ஒட்டிய ஆள் எனக்கு அமிலம் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

தாள்பித்தன்:
ஒட்டியது நான் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? எனக்கு முந்தின ஆள் ஒட்டியது. அந்த வரைபடத்தின் கூரியர் பணத்தையே நீங்கள் இன்னும் தரவில்லை. அதற்கும் 1823க்கும் சேர்த்தே பதில் போடுங்கள்.