டெசிட் நொலெட்ஜ்: ‘பழகறிவு’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘டெசிட் நொலெட்ஜ்’ (tacit knowledge), அதாவது ஒருவரிடம் இருந்தும் சொல்லில் எடுத்துக்கொடுக்க முடியாத அறிவு, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ‘உள்ளுறை அறிவு’ என்று அக்கா முன்வைத்த சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம், கவிஞர் தெரிந்தே உள்ளே வைத்த பொருள். விசயம் தெரிந்தவர் அதை வெளியே எடுத்துச் சொல்லிவிடலாம். இரசாயனவியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் பொலானி 1966இல் இந்த அறிவைப் பற்றிச் சொன்னது வேறு: நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். வைத்திருப்பவராலேயே எடுத்துக்கொடுக்க முடியாத அறிவு அது.

‘மறையறிவு’ என்று சொன்னால் இன்னும் சிக்கல். சித்தர் பாடல்களில் மருந்துச் சரக்குகளைப் பரிபாஷை என்ற மறைமொழியில் ஒளித்து வைத்தார்களே, அதுதான் மறையறிவு. அங்கே சொல்லத் தெரியும், சொல்லவில்லை. அறிவியல் வரலாறு எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும். அதனால் அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். ‘பட்டறிவு’ ஏற்கெனவே அனுபவத்துக்குப் போய்விட்டது.

போன கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை வளைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதான ஒருவர் கடலையே பார்த்தபடி நின்றார். திடீரென்று கையைத் தூக்கினார், தோணி கிளம்பிவிட்டது. மீன் நிற்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “தண்ணி கறுக்குதே” என்றார். அவர் காட்டிய இடத்தில் எனக்கு எல்லாம் ஒரே நீலம். விடாமல் கேட்டதற்கு, “ஒரு கச்சான் என்னோட நில்லுங்க தம்பி, பழகிடும்” என்றார்.

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழில் வேலையும் பழகுவோம், ஆட்களோடும் பழகுவோம். அறிவியலைச் சமூகவியல் நோக்கில் ஆராயும் ஹரி கொலின்ஸ் 1974இல் எழுதிய ஆய்வு இதையேதான் காட்டுகிறது. பிரித்தானிய ஆய்வுகூடங்களில் ஒரு வகைக் காபனீரொட்சைட்டு லேசரைக் கட்ட முயன்றவர்களை அவர் தேடிப்போய்ப் பார்த்தார். வெளிவந்த கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியவர்களில் ஒருவருக்கும் அது வேலை செய்யவில்லை. வேலை செய்யும் லேசரை ஏற்கெனவே கட்டியவர்களோடு நேரில் பழகியவர்களுக்கே கைகூடியது. கருவியோடு பழகுவதும் கருவி தெரிந்தவரோடு பழகுவதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. இரண்டையும் ஒரே வினையில் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்கும்போது, எதற்காக வேறெங்கோ தேடவேண்டும்?

ஆகவே என் பரிந்துரை: பழகறிவு. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. ‘பழக்க அறிவு’ என்றால் பழக்கதோசம் என்ற வாசனை வந்துவிடும், அது வேண்டாம். ‘பழகறிவு நூலில் இறங்காது’, ‘பழகறிவுப் பரிமாற்றம்’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், தடக்கவில்லை.

ஒரே ஒரு தயக்கம்: முதல்முறை காண்பவர் ‘பழ-கறிவு’ என்று பிரித்து வாசித்துவிடுவாரோ? அறிமுகம் செய்யும் இடத்தில் மட்டும் ‘பழகு அறிவு’ என்று இடைவெளி விட்டு எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாணவர்களுக்கான அத்தியாயத்தில் இந்த இடத்தை இன்னும் வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.